குடைக்குள் எழுதிய சொல்

பூன் லே
சிங்கப்பூர்
மே மாதம், ஞாயிறு மாலை

என் அன்பு மகள் செரினாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். கவரின் மேல் 'சகோதரி மேரி பெர்னடெட்' என்று உங்கள் மடத்தில் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். உள்ளே மட்டும் நீ செரினாவாக இரு. உங்கள் தலைமைச் சகோதரி பிரித்துப் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை. அந்த டாஸ்மேனியா மடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதானே.

மாதம் ஒரு கடிதம்தான், கைப்பேசி கிடையாது என்று நீ போன புதிதில் எனக்கு அழுகையாக வந்தது. இப்போது பழகிவிட்டது. நடக்கிறதையெல்லாம் இது செரினாவுக்கு எழுத வேண்டியது, இது வேண்டாம் என்று மனதுக்குள்ளேயே பிரித்து வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பாக இருந்தால் 'சாப்பிட்டியா' என்பதோடு நம் பேச்சு முடிந்திருக்கும்.

இங்கே எல்லோரும் நலம். உன் தம்பி ஆர்னால்ட் அதே விளம்பரக் கம்பெனியில்தான் இருக்கிறான். தாடி வளர்க்கிறான்; அது வளர மாட்டேன் என்கிறது. அப்பா துவாஸ் கப்பல் பட்டறையில் இன்னும் பெயிண்ட் பூச்சைத் தட்டித் தட்டிக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். செரினாவுக்குக் கடிதம் எழுதுகிறேன், நீங்கள் ஒரு வரி எழுதுகிறீர்களா என்று இன்றைக்கும் கேட்டேன். "விசாரிச்சேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அக்டோபரில் நீ துறவு உறுதி எடுக்கிற முதல் வார்த்தைப்பாட்டு விழாவுக்கு வருவோமா என்று கேட்டிருந்தாய். நான் வருவேன் என்பதில் உனக்குச் சந்தேகம் இருக்காது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். உன் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்!

புனித மார்த்தா பெண்கள் பள்ளிக்கு இது எழுபத்தைந்தாவது ஆண்டாம். ஜூலை கடைசியில் மார்த்தா திருநாளன்று பெரிய விழா. அன்று பள்ளியின் பேர் போட்ட பொருள்கள் விற்கப்போகிறார்கள். வருவது வசதியில்லாத பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு. பழைய மாணவியின் அம்மா தேக்காவில் சீருடைக்குப் பேர் தைக்கிற கடை வைத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதுத் தலைமையாசிரியை பேர் இரஞ்சிதம், யாழ்ப்பாணக் குடும்பம், மெல்லிய குரல். "நம்ம பள்ளியோட பண்புகள் அதுல தெரியணும், வெரோனிகா. நீங்களே யோசிச்சுக் கொண்டு வாங்க" என்றார். பண்புகள் நான்கும் உனக்கு மனப்பாடமாக இருக்கும்: அன்பு, பணிவு, துணிவு, சேவை. எங்களுடையது பிடிக்காவிட்டால் பெரிய பரிசுப்பொருள் கம்பெனி ஒன்று வரிசையில் நிற்கிறது என்பதையும் அதே மெல்லிய குரலில் சொன்னார்.

நானும் ஆர்னால்டும் ஒரு வாரம் உட்கார்ந்து செய்தோம். மக், சாவிக்கொத்து, தண்ணீர்ப் போத்தல், பேனா எல்லாவற்றிலும் நான்கு பண்புகளையும் வரிசையாகப் போட்டு, பக்கத்தில் பள்ளிச் சின்னத்தையும் வைத்து, கம்ப்யூட்டரில் பளபளவென்று காட்டினோம். விழாக் குழுவில் ஒருவர் சிலுவை இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி, சிலுவையே வேண்டாம் என்றார். இரண்டு பேருக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. பெற்றோர் சங்கத் தலைவி ருக்ஸானா எழுந்தாள். அவள் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். "என் மக சிலுவை போட்ட பேட்ஜ் குத்திக்கிட்டுதான் தினம் ஸ்கூலுக்கு வர்றா. அது எங்களுக்குப் பிரச்சனையே இல்ல. ஆனா மக் மட்டும் வேணாம் லா. எங்க வீட்டு அலமாரியில மக் வைக்க இடமே இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சுருக்கென்றது.

இரஞ்சிதம் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லா இருக்கு. ஆனா நம்ம பேரை எடுத்துட்டு வேற ஸ்கூல் பேரைப் போட்டாலும் இது இப்படியேதான இருக்கும்?" என்றார். உண்மைதானே. ஒரு நாள் பள்ளிக்கு வந்து சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்றார்.

போனேன், செரினா. காலை நல்ல மழை. தோ பாயோவில் பள்ளிக்கு முன்னால் இருந்த கூரை நடைபாதை உனக்கு ஞாபகம் இருக்கும். சாலை வேலைக்காக அதைப் பிரித்துவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரைக்கும் வெட்டவெளி. தொடக்கப்பள்ளிச் சின்னப் பிள்ளைகள் நிறுத்தத்திலேயே கோழிக்குஞ்சு போல ஒடுங்கி நிற்கிறார்கள். பெரிய பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னவளை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறார்கள். அடுத்தவளைக் கூட்டிவருகிறார்கள். மறுபடியும் ஓடுகிறார்கள். குடை சின்னவள் பக்கமே சாய்ந்திருக்கிறது. பெரியவளின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது. யாரும் சொல்லிச் செய்ததாகத் தெரியவில்லை. எந்த ஆசிரியரும் அங்கே இல்லை. மணி அடித்ததும் சட்டையைப் பிழிந்துகொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போதே ஆர்னால்டை அழைத்துவிட்டேன். குடை! இரண்டு பேர் நிற்கக்கூடிய பெரிய குடை. வெளியே கடல்நீலம், ஓரத்தில் சின்னதாகப் பள்ளிச் சின்னம், அவ்வளவுதான். நான்கு சொற்களையும் உள்பக்கம் போடலாம் என்று சொன்னது உன் தம்பி. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ், நான்கு மொழியிலும்.

சாப்பாட்டு மேசையில் படத்தை வைத்தான். அப்பா எட்டிப் பார்த்தார். "உள்ள எழுதினா யாருக்குத் தெரியும்? காசு போட்டு எழுதறதை மறைச்சு வைப்பாங்களா?" என்றார்.

"குடைக்குள்ள யாரைக் கூட்டிக்கிட்டுப் போறோமோ, அவங்களுக்குத் தெரியும்பா" என்றான் ஆர்னால்ட்.

அப்பா ரசம் ஊற்றிக்கொண்டார். மேடம் மறுநாளே சரி என்று சொல்லிவிட்டார். ருக்ஸானா கை தட்டியதாகக் கேள்வி.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் தொடங்கும் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொள். உங்கள் உடையில் காது மூடித்தான் இருக்கும் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

முத்தங்களுடன்,
அம்மா வெரோனிகா

*

பூன் லே
ஜூலை நடுவில்

அன்பு செரினா,

ஜூன் கடிதத்தை அப்பாவின் பல்வலியிலேயே எழுதித் தீர்த்துவிட்டேன். இந்த முறை நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவ்வளவு கோபம்.

குடைகள் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. நம் கடை மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியும். கீழே மசாலா அரைக்கிற மருதப்பன் தன் ஆட்களை அனுப்பிப் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தார். ஏற்றுவதற்குள் எல்லாப் பெட்டியிலும் மல்லித்தூள் வாசம். "ஸ்கூல் பிள்ளைங்க குடையை விரிச்சா பசிக்கப்போவுது" என்று அவரே சிரித்தார். அப்பாவுக்கு அன்று விடுமுறை. சும்மா வந்து நின்றார். ஆர்னால்ட் ஒரு பெட்டியைப் பிரித்து முதல் குடையை விரித்தான். அடடா, என்ன அழகு! நீலம் அப்படியே மாலை நேரத்துக் கடல் மாதிரி. மருதப்பன் விசில் அடித்தார்.

அப்பா குடைக்குள் தலையை நுழைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "அன்பு. பணிவு. துணிவு. ச… வே… என்ன வெரோனிகா இது, சவமா?"

நான் குடையைப் பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். 'சேவை' என்ற சொல்லில் சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய்விட்டது. படித்தால் 'சவே' என்று வருகிறது. ஐகாரக் கொம்பு யாரோடும் சேராமல் கடைசியில் தனியாக நிற்கிறது, கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி. மற்ற மூன்று சொற்களிலும் கொம்பே இல்லாததால் தப்பித்துவிட்டன. சீனமும் மலாயும் ஆங்கிலமும் கச்சிதம்.

ஆர்னால்ட் அனுப்பிய படம் சரியாகத்தான் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். தொழிற்சாலையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவதற்காகப் புதிதாக அடித்திருக்கிறார்கள், அவர்களுடைய கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடி செய்து தருகிறோம், ஆனால் செப்டம்பரில்தான் வரும் என்றார்கள். செப்டம்பரில் வந்து என்ன செய்ய? விழா இந்த மாதக் கடைசியில்.

நாங்கள் செய்து பார்க்காதது இல்லை. அதன் மேல் எம்பிராய்டரி போட்டால், ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. ஒரு குடையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஆர்னால்டின் தலையில் சொட்டியது. சூடு வைத்து ஒட்டினால் துணி சுருங்கிப்போகிறது. மேலே பெயிண்ட் அடித்து மறைத்தால் பெயிண்ட் உதிர்கிறது. இதை அப்பா நகத்தால் சுரண்டிக் காட்டினார், எங்கள் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்குச் சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். குழுவில் ஒருவர், தமிழ் படிக்கிறவர்களே கொஞ்சம் பேர், அதிலும் யார் குடைக்குள் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள், அப்படியே விடலாம் என்றாராம். இன்னொருவர் அந்தச் சொல்லை மட்டும் நீலத் துணி ஒட்டி மறைத்துவிடலாம் என்றாராம். மற்ற மூன்று மொழியிலும் நான்கு சொல் இருக்கும், தமிழில் மூன்று சொல் இருக்கும், யார் எண்ணப்போகிறார்கள்? மேடம் வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்றார்.

உண்மையைச் சொன்னால், மறைத்துவிடலாம் என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவ்வளவு களைத்துப்போயிருந்தேன். வீட்டில் சொன்னேன். அப்பா டிவியை நிறுத்திவிட்டு, "எந்தச் சொல்லை மறைக்கப்போறாங்க?" என்று கேட்டார். தெரியாத மாதிரி கேட்டார், பார். சேவை என்றேன். எழுந்து வெளியே மாடி நடைபாதையில் போய் நின்றார். கீழே பிள்ளைகள் பந்து விளையாடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை வியாழக்கிழமை. இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் முடிவு தெரிந்துவிடும், ஆனாலும் ஜெபி. கடவுளுக்குத் தபால் தாமதம் கிடையாது என்று நீ ஒருமுறை எழுதினாயே.

கவலையோடும் அன்போடும்,
அம்மா

*

பூன் லே
ஆகஸ்ட், தேசிய தினத்துக்கு மறுநாள்

என் கண்ணான செரினாவுக்கு,

எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கக் கொடி தொங்குகிறது. நேற்று வாணவேடிக்கையை டிவியில் பார்த்தோம். எனக்கு என்னவோ அது உன் பள்ளி விழாவின் மிச்சம் போலவே இருந்தது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம்: எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றால், நாங்கள் நினைத்ததைவிட நல்லபடியாக.

அந்த வியாழக்கிழமை கூட்டத்துக்கு அப்பா சொல்லாமல் கொள்ளாமல் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். பட்டறைச் சட்டையோடு, காலில் அந்தக் கனமான பூட்ஸோடு. நான் மேடத்தின் அறைக்குப் பக்கத்தில் ஆர்னால்டோடு மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் உள்ளே போய்ப் பேசி முடித்துவிட்டார். என்ன பேசினார் என்று இன்றுவரை அவர் வாயால் சொல்லவில்லை. ருக்ஸானாதான் வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். அவர் சொன்னது இதுதானாம்:

"மேடம், எம் பொண்ணு இந்த ஸ்கூல்ல படிச்சவ. இங்க சொல்லிக் குடுத்த இந்தச் சொல்லை நெசம்னு நம்பி, பார்த்துக்கிட்டு இருந்த ஆஸ்பத்திரி வேலை, வீடு, நாங்க எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டா. எனக்கு அதுல இன்னும் வருத்தம் இருக்கு. ஆனா அந்தச் சொல்லு மேல துணி ஒட்டி மறைக்கறதுக்கு மட்டும் எங்கிட்ட வராதீங்க."

நீ போன நாளிலிருந்து அவர் வெளியாட்களிடம் உன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால்கூட வெயிலைப் பற்றிப் பேசுவார். இதை எழுதும்போது எனக்கும் கண் கலங்குகிறது, ஆனால் இது சந்தோஷக் கடிதம், அதனால் மேலே போகிறேன்.

அவர் பேசி முடித்ததும் மேடம் தமிழ் வகுப்பு மாணவிகளைக் கூப்பிட்டு அனுப்பினார். பிழையான குடையை அவர்களுக்குக் காட்டி, என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டார். அந்தப் பிள்ளைகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், மெஷினுக்குத் தமிழ் எழுதத் தெரியல. எங்களுக்குத் தெரியுமே. நாங்க எழுதித் தர்றோம்." இன்னொருத்தி, நாங்கள் மட்டும் எழுதினால் எப்படி முடியும், எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்து எழுத வைக்கலாம் என்றாள்.

அப்படியே முடிவானது. அதே நீலத் துணியில் கைக்குட்டையைவிடச் சின்னதாக நான் துண்டுகள் வெட்டித் தர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் துணியில் எழுதுகிற வெள்ளை வண்ணத்தால் 'சேவை' என்று தன் கையாலேயே எழுத வேண்டும். அதைக் குடையில் பிழைக்கு மேல் தண்ணீர் புகாத பசையால் ஒட்ட வேண்டும். பசை யார் பொறுப்பு? வேறு யார், கப்பலுக்கே பூச்சு பார்க்கிறவர் இருக்கிறாரே! எது ஒட்டும், எது உரியும் என்று அவர் எங்கள் சமையலறையில் நடத்திய ஆராய்ச்சியில் என் தோசைக்கரண்டி ஒன்று மேசையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் தரையெல்லாம் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு தமிழ் வகுப்புப் பெண். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், ஒரு பிலிப்பினோப் பிள்ளை, எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். ஐகாரக் கொம்பை ஒருத்தி நூடல்ஸ் போல வளைத்தாள். ஒருத்தி பூனை வால் போல விட்டாள். ஒரு சீனப் பெண், சொல்லும்போது பின்னால் வருகிற சத்தத்தை எழுதும்போது ஏன் முன்னால் எழுதுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ருக்ஸானாவின் மகள் யோசிக்கவே இல்லை: அது முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடிக்கும், பிறகுதான் எழுத்து உள்ளே வரும் என்றாள். அந்தச் சீனப் பெண் தலையை ஆட்டிவிட்டு, ரொம்பப் பொறுப்பாகத் தன் கொம்பைப் பெரிதாக எழுதினாள்.

அப்பா ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பெருவிரலால் ஓரங்களை அழுத்திப் பார்த்தார். தப்பாக ஒட்டியவர்களை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரே சரி செய்தார். பிள்ளைகள் அவருக்கு 'இன்ஸ்பெக்டர் அங்கிள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மாலை ஆனதும் ஆர்னால்டிடம் ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கினார். ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து எழுதினார். பிடிக்கவில்லை போலிருக்கிறது, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். நான் பார்க்காத மாதிரி பசை டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தேன். அதை அவரே ஒரு குடையில் ஒட்டி, காய்ந்ததா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு பூன் லே வரைக்கும் ரயிலில் வந்தார். யாருக்கு என்று கேட்டேன். "அங்க மழை பெய்யும்தான?" என்றார்.

அந்தக் குடைதான் இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலில் இருக்கிறது. சொந்தமாக வைத்துக்கொள்ள உங்கள் மடத்தில் அனுமதி இல்லையென்றால் வாசலில் எல்லோருக்கும் பொதுவாக வை. ஆனால் முதலில் ஒரு முறை நீ விரித்துப் பார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். பார்சலைத் திறந்ததும் கொத்தமல்லி வாசம் வந்தால் பயப்படாதே.

திருநாளன்று மழை வரும், குடைகளை விரிக்கலாம் என்று எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளி இல்லை! வெயில் கொளுத்தியது. மேடம் பேச்சை முடித்ததும் பிள்ளைகள் வெயிலுக்கென்று குடைகளை விரித்துவிட்டார்கள். திடல் முழுக்க நீலம். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு குடைக்குள்ளும் புகுந்து, 'இது யார் எழுதினது, இது யார் எழுதினது' என்று அண்ணாந்து கத்திக்கொண்டு ஓடினார்கள். யாரும் குடைக்குள் பார்க்க மாட்டார்கள் என்று சொன்ன குழு உறுப்பினர் என் பக்கத்தில்தான் நின்றார். நல்ல மனிதர், அவரே சிரித்துவிட்டு இரண்டு குடை வாங்கினார். மதியத்துக்குள் எல்லாம் விற்றுப்போய்விட்டது. இன்னும் வேண்டும் என்கிறார்கள். தொழிற்சாலை திருத்தி அனுப்புகிற குடைகள் செப்டம்பரில் வரும் என்றேன். வேண்டாமாம், அவர்களுக்குக் கையால் எழுதியதுதான் வேண்டுமாம்.

அன்று காலைத் திருப்பலியில் மார்த்தாவின் நற்செய்தி வாசித்தார்கள். உனக்குத் தெரியாததா? தங்கை மரியா ஆண்டவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தா அடுப்படியிலிருந்து வந்து, அவள் என்னைத் தனியாக விட்டுவிட்டாளே என்று முறையிடுகிறாள். எத்தனையோ முறை கேட்ட பகுதி. மார்த்தாவுக்குப் பொறாமை என்றுதான் பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு இந்த முறை அப்படித் தோன்றவில்லை. வேலை அதிகம் என்று அவள் சொல்லவில்லை. இத்தனை நாளும் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தவள் இப்போது பக்கத்தில் இல்லையே என்று சொல்கிறாள், அவ்வளவுதான். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பாட்டே இல்லை.

இன்னொரு செய்தி. போன வாரம் அப்பா தேக்காவில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினார். இந்த ஆகஸ்ட் வெயிலில்! வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அதற்கு நேராக உட்கார்ந்து "இது போதுமா?" என்று கேட்டார். எதற்குப் போதுமா என்று கேட்டேன். "அக்டோபர்ல அங்க எவ்வளவு குளிரும்னு அவகிட்ட கேட்டு எழுது" என்றார். பட்டறையில் விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஆர்னால்ட் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆகவே உங்கள் தலைமைச் சகோதரியிடம் மூன்று பேர் வருகிறார்கள் என்று சொல். விழாவில் நாங்கள் எங்கே உட்கார வேண்டும், உன்னிடம் பேச விடுவார்களா, எவ்வளவு நேரம், மடத்துக் கம்பித் தடுப்பின் இந்தப் பக்கமிருந்தா அந்தப் பக்கமிருந்தா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. முன்னாலேயே தெரிந்தால் அப்பாவைத் தயார் செய்து கூட்டிவருவேன். அவர் அழ மாட்டேன் என்று சொல்கிறார்.

நீ எடுத்த முடிவு சரியா என்று நான் இப்போதெல்லாம் யோசிப்பதில்லை. சந்தோஷமாக இருக்கிறாயா என்று மட்டும் யோசிக்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்தால் இருக்கிறாய் என்றுதான் தோன்றுகிறது.

கடவுளுக்கு உன்னைக் கொடுத்துவிட்டேன் என்று கோயிலில் எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். கொடுத்தவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருக்கிறது. நீ சின்னவளாக இருந்தபோது தூங்கப் போகும் முன் நெற்றியைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பாய், நான் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவேன். இன்றைக்குப் படுக்கப் போகும்போது உன் நெற்றியில் நீயே ஒன்று போட்டுக்கொள், கண்ணு. அது அம்மா போட்டதாக இருக்கட்டும்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

என்றும் உன்,
அம்மா வெரோனிகா